பாப்பாவின் நரையும் நான் துப்பிய மாத்திரையும்

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம், ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது காதுக்கு மேலே ஒரு வெள்ளை முடியைப் பார்த்தேன். நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். "ஆ, வலிக்குதும்மா" என்றாள். கையோடு வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வேரிலிருந்து நுனிவரை வெள்ளை. அவளுக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை.

ரிப்பனைக் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டேன். மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்வரை எனக்கு ஒரே நினைப்புதான். மாத்திரை.

அவள் வயிற்றில் இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கினால், துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல வாயெல்லாம் ஆகிவிடும். பிறகு மதியம்வரை குமட்டல். நாலாம் மாதத்திலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கணவர் பார்க்க வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். அவர் சட்டை மாட்டப் போனதும் வாஷ்பேசினில் துப்பிவிடுவேன். "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். இது யாருக்கும் தெரியாது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் நானே மறந்துபோயிருந்தேன்.

நான் பி.எஸ்ஸி. படித்தவள். அன்றைக்குத் துப்பிய மாத்திரை ஏழு வருஷம் கழித்துக் காதுக்கு மேலே வெள்ளையாக வந்து நிற்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்ளத் தெரியும். கேட்டும் பார்த்தேன். பதில் சொன்னவளும் நான்தான், அதனால் நம்ப முடியவில்லை. டாக்டரிடம் காட்டவும் பயம். மாசமாக இருந்தபோது மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கணவர் முன்னால் கேட்டுவிட்டால்?

ஆகவே வீட்டு வைத்தியத்தில் இறங்கினேன். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், சமையலறையில் இருப்பதே போதும். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சினேன். எண்ணெயின் சலசலப்பு அடங்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், ஒரு நிமிஷம் விட்டாலும் கருகல் வாசனை வந்துவிடும். முதல் தடவை கருக்கினேன், இரண்டாம் தடவை சரியாக வந்தது. வெந்தயம் ஊறவைத்து அரைத்தேன். செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்தக் கொழகொழப்பில் தலை அலசிவிட்டேன். முடி மங்கலாக இருக்கிறதே என்று ஆறிய டீ டிகாக்‌ஷனைக் கடைசித் தண்ணீராக ஊற்றினேன். வில்லியனூர் ரோட்டில் கீரை விற்கிற அம்மாவிடம் கரிசலாங்கண்ணி கேட்டேன்.

"யாருக்குக் கண்ணு? உனக்கா?" என்று என் நெற்றியைப் பார்த்தார்.

"ஆமா, எனக்குத்தான்" என்றேன். எனக்கும் முன்பக்கம் நரை உண்டு. கல்லூரியிலேயே வந்துவிட்டது. அதைப் பற்றி நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

இரண்டு மாதத்தில் பாப்பாவின் தலை ஒரு மளிகைக்கடை ஆகிவிட்டது. வகுப்பில் அவளுக்குத் 'தாளிப்பு' என்று பேர். "நான் போய் உக்காந்ததும் ரசம் ரெடின்னு சொல்றாங்கம்மா" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரித்ததால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதை அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைப்பேன். முதலில் வகிடு வகிடாகப் பிரித்து எண்ணுவேன். மூன்று இருந்தது ஏழாகி, பிறகு பதினொன்று ஆனது. பதினொன்று ஆன அன்று எனக்குத் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டே புலம்பிவிட்டேன்.

"எல்லாம் என்னாலதான்டி. மாத்திரைய ஒழுங்கா முழுங்கியிருந்தா உனக்கு இப்படி வந்திருக்குமா?"

"எந்த மாத்திரைம்மா?"

"நீ வயித்துல இருந்தப்போ குடுத்தது. அம்மா துப்பிட்டேன்."

"எங்க துப்புன?"

"கண்ண மூடு, எண்ண இறங்குது."

பின்னந்தலையோடுதானே பேசுகிறோம், அதற்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன்.

பத்து நாள் இருக்கும். சாயங்காலம் பள்ளி வாசலில் மிஸ் என்னை நிறுத்தினார். பக்கத்தில் இன்னொரு அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டபடி, தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிற குடும்பம். என் மகள் யூனிஃபார்மே அங்கே தைத்ததுதான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாப்பா எம் பொண்ணு தலையில ஒரு வெள்ள முடியப் பாத்துட்டு, 'உங்க அம்மா மாத்திரைய துப்பிட்டாங்க, அதான்'னு சொல்லியிருக்கா. இவ வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலயும் கேக்குறா, 'ஏம்மா எம் மாத்திரைய துப்புன'ன்னு. எங்க மாமியாரு கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. இவ பொறந்தப்போ எட கம்மி. அப்பவே என்னத்தான் சொன்னாங்க. இப்ப, பாத்தியா, புள்ளயே சொல்லுதுங்குறாங்க. நான் ஒரு மாத்திர உடாம சாப்ட்டவக்கா."

மிஸ் என்னையே பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது இது: "டிவில ஏதாவது பாத்துட்டு உளறும் மிஸ். எனக்கே தெரியல எங்க கத்துக்கிட்டான்னு."

மிஸ் என் மகளிடம் குனிந்தார். "இப்படிப் பொய் சொல்லலாமா? தப்பில்ல? சாரி சொல்லு."

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இப்போது பேசுவேன் என்று காத்திருந்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து "சாரி" என்றாள். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி கையில்தான் இருந்தது.

வழியில், முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "நான் பொய்யாம்மா சொன்னேன்?"

"வண்டியில பேசாத. கெட்டியாப் புடிச்சுக்க."

அடுத்தநாளிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. பல் விளக்கினாயா என்று கேட்டால், "தெரியல" என்றாள். பால் குடித்தாயா? "குடிச்சேன்னு நெனைக்கிறேன். நீயே சொல்லும்மா." விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று முதலில் அதட்டினேன். விளையாட்டு இல்லை. டம்ளர் காலியாக எதிரில் இருக்கும், உதட்டில் பால் கோடு இருக்கும், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டதற்கு, "மிஸ் சொன்னது மாதிரி இருந்துச்சு. ஆனா நான் தப்பா கேட்டிருப்பேன்" என்றாள். அவள் தன் காதை நம்புவதை நிறுத்திவிட்டாள். தலைமுடியில் நரையை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது ஐந்து நாள் கழித்துத்தான் உறைத்தது.

சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். அந்த அம்மா மெஷினில் இருந்தாள். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். மாத்திரையைத் துப்பியவள் நான், என் மகளிடம் அப்படிச் சொன்னவளும் நான், அவள் எதையும் கட்டிப் பேசவில்லை, அன்றைக்குப் பள்ளியில் பொய் சொன்னது நான்தான்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையலை ஓரம்வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "இத எங்கிட்ட சொல்லி என்னாக்கா? எனக்குத்தான் தெரியுமே நான் சாப்ட்டேன்னு. மாமியாரு உள்ள இருக்காங்க. அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "பரவால்லக்கா" என்று சொல்லிவிடுவாள், லேசாகி வீடு திரும்பலாம் என்றுதான் வந்திருந்தேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மாமியார் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் என் மகளைக் கிட்டே இழுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புள்ள தலையா கொழம்புச் சட்டியா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க, நீ குனி." குனிந்தேன். "இம்மாம் நரையை வெச்சுக்கினு மாத்திரங்குற. ஒங்கம்மா எத்தினி மாத்திரைய துப்புனாளாம்?"

கதவோரம் நின்ற மருமகள் சட்டென்று சிரித்துவிட்டாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாமியார் அவளை முறைத்தார். "நீ சாப்ட்டியாமா?"

"ஒண்ணுகூட உடல மாமி."

"சரி, சரி. அந்தப் புள்ளைக்கு டீ போட்டுக் குடு, நிக்குது பாரு."

மன்னிப்பு என்று எதையும் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வாசல்வரை வந்த மருமகள், "நாளைக்கே வேற ஒண்ணக் கண்டுபுடிச்சிருவாங்க. ஆனா இது முடிஞ்சுது" என்றாள். என்னிடம் சிநேகமாக அதைச் சொன்னாளா, இல்லை தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரமே தோல் டாக்டரிடமும் காட்டினேன். சில குழந்தைகளுக்கு வருவதுண்டு, பரம்பரையாகவும் இருக்கலாம், எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடலாம் என்றார். மாத்திரையைப் பற்றி நானாகவே கேட்டேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஒன்றும் இல்லை என்றார். நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு மாத்திரைக்காக அழுததில் ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினேனே என்ற எண்ணம்தான் வந்தது. துப்பியது குற்றமா இல்லையா என்பதை டாக்டர் தீர்த்துவைக்கலாம். பள்ளி வாசலில் செய்ததற்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது.

மிஸ்ஸிடம் சொல்வது மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. அவளுடைய பள்ளி டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு தாளில் வெள்ளோட்டம் பார்த்துக் கிழித்த பிறகு எழுதியது: "வணக்கம் மிஸ். அன்று என் மகள் பொய் சொல்லவில்லை."

அவள் என் தோளில் மோவாயை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பொ-ய். சொல்-ல-வில்-லை. இன்னொரு முறை படித்தாள்.

"அப்போ யாரு சொன்னாங்கன்னு போடலியேம்மா?"

பேனாவை மூடிவைத்துவிட்டிருந்தேன். அவள் அதைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"நான்தான் சொன்னேன். அவள் வயிற்றில் இருந்தபோது மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்தவளும் நான்தான்" என்று எழுதினேன். கடைசிச் சொல் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"கையெழுத்து?" என்றாள்.

"அம்மா போடுறேன்."

"டைரில எப்பவும் அப்பாதான போடுவாரு, மிஸ்ஸுக்கு அந்தக் கையெழுத்துதான் தெரியும்" என்றாள். சந்தேகமில்லாமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு டைரியை எடுத்துக்கொண்டு, உள்ளே சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அவரிடம் போனாள். நான் அவளைத் தடுக்கவில்லை.