பேருந்து நிலையக் குரலுக்கு வந்த தொண்டை வலி

அந்த ஊரில் அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் பேருந்து நிலையத்தில் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். கண்ணாடி அறையில் ஒரு மைக், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அங்கேயே நாற்பது வயதாகிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

அப்போதுதான் நிலையத்து லிஃப்ட் பழுதாகி, அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தார். விவாகரத்தானவர். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு அவளையும் தன்னோடு ஏற்றிச் சோதித்துப் பார்த்ததில் அது நடுவிலேயே நின்றது. கதவு திறப்பதற்குள் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டிருந்தார்கள். சில மாதங்களில் பதிவுத் திருமணம். அன்று முதல் அவர் அவளை "மேடம்" என்கிறார். அவள் அவரை "யோவ்" என்கிறாள்.

புது மாப்பிள்ளையும் புதுப் பெண்ணும் பண்ணிய அழும்பு கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் ஐந்தரைக்கே கதவைச் சாத்திக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரி கேட்டால், கொசுத் தொல்லை என்பாள் இவள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த காலை, எச்சில் விழுங்க முடியாமல் எழுந்தாள். அதையும் மீறி வேலைக்குப் போய் மைக்கைத் தட்டினாள். "பயணிகள் கவன..." என்றாள். வெளியே வந்தது தவளைச் சத்தம். கீழே நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேலாளர் ஓடிவந்து கும்பிடாத குறையாக வீட்டுக்கு அனுப்பினார்.

வழியில் அண்ணி போன் செய்தாள். "குரலு ஏண்டி இப்படி இருக்கு? வாய்க்குள்ள என்னத்தப் போட்டே?"

அவளுக்குப் புரையேறிவிட்டது. நடுத்தெருவில் நின்று இருமலும் சிரிப்புமாய்த் திண்டாடினாள்.

வீட்டில் மெக்கானிக் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. "மேடம், நேத்து நாம... அதனாலயா? என்னாலயா?"

அதே கேள்விதான் அவளுக்கும். உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கிளம்பினார்கள். நடுத்தர வயதுப் பெண் டாக்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவளால் பேச முடியாததால் மெக்கானிக்தான் விளக்க வேண்டியிருந்தது.

"அது வந்து டாக்டர்... இவங்க கொஞ்சம்... வீட்ல... அதிகமா..."

"அதிகமா பேசினாங்களா?"

"பேசல. அதாவது பேச முடியாத மாதிரி..."

அவர் நெளிந்த நெளிப்பைப் பார்க்கச் சகிக்காமல், அவள் மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டினாள். "வாய்வழியா உறவு வெச்சுக்கிட்டோம், டாக்டர்!" பழக்கதோஷம், மைக்குக்குச் சொல்வதுபோலவே வந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது.

டாக்டர் கண்ணிமைக்கவில்லை. "இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு? வாயத் திறங்க."

விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "உராய்ஞ்சதுல தொண்டை லேசா புண்ணாகலாம், ஓரிரு நாள்ல ஆறிடும். பால்வினை நோய்க் கிருமியும் தொண்டைக்கு வரும். கொனோரியா, கிளமிடியா, ஹெர்பிஸ் எல்லாம். பல பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, அதனால டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. இல்லேன்னா சாதாரணச் சளி. ஒரே தலகாணில படுக்கிறவங்களுக்கு அது தொத்த வேற எதுவும் தேவையில்ல." பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு வேற தொடர்பு?"

மெக்கானிக் நெளிவதை நிறுத்தினார். "விவாகரத்துக்கு அப்புறம் ஒருத்தங்க. ஆணுறை போட்டுக்கல. டெஸ்டும் எடுக்கல."

அவள் அவர் கையை எட்டிப் பிடித்தாள். "பரவால்லய்யா. எடுத்துக்கலாம்" என்று கரகரத்தாள்.

இருவருக்கும் டெஸ்ட். அவள் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டபோது ஓங்கரித்தாள். ஓங்கரிப்பு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் இம்முறை தோற்றுப்போய்ச் சிரித்தார். முடிவு வரும்வரை முத்தம்கூடக் கூடாது என்றார்.

வீட்டில் சோபாவின் இரு முனைகளில் பெண் பார்க்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். டிவி ரிமோட்டை நடுவில் வைத்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டிவிட்டு, சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்கள். அவர் இஞ்சி தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டுவந்து, கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.

"யோவ், எனக்கு என்ன குஷ்டமா?"

"டாக்டர் சொன்னாங்க மேடம்!"

முடிவுகள் வந்தன. இருவருக்கும் பால்வினைக் கிருமி எதுவும் இல்லை. அவளுக்குத் தொண்டை வலி தரும் பாக்டீரியாத் தொற்றும் இல்லை.

"குரல் கட்டினப்பவே எனக்கு சளி வைரஸ்மேலதான் சந்தேகம்" என்றார் டாக்டர். "மாத்திரை வேணாம். வெந்நீர், ஓய்வு, கொஞ்சம் வாயடக்கம்."

"எந்த மாதிரி வாயடக்கம் டாக்டர்?" என்று மெக்கானிக் கேட்டார். முழு அக்கறையோடுதான் கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலி போகட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

வாசலைத் தாண்டியதும் அவர் தெருவிலேயே அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் தோளில் குத்தினாள், கத்த முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அந்த வார இறுதியில் அவள் குரல் திரும்பியது. அன்றே மெக்கானிக்குக்குத் தும்மல் தொடங்கி, தொண்டை கட்டிப் பேச்சே நின்றுபோனது. அவர் சைகையால் வெந்நீர் கேட்டார். அவள் இடுப்பில் கைவைத்து நின்று, வீடு அதிரச் சொன்னாள்: "பயப்படாதய்யா, இது என்னாலதான்!"