இருக்கன்குடியில் எரித்த தாள்

சிவகாசியில் காளீஸ்வரனைக் கண்டால் யாரும் சுகம் விசாரிப்பதில்லை. நம்ம ஃபைலெல்லாம் எந்த நாட்டில் கிடக்கிறது என்றுதான் கேட்பார்கள். அச்சகங்களின் டிசைன்களை இணையத்தில் பூட்டிப் பத்திரப்படுத்திக் கொடுப்பது அவன் தொழில். தங்கள் பட்டாசு லேபிள் சீனாக்காரன் கைக்குப் போய்விடுமோ என்று முதலாளிமாருக்குப் பயம். எல்லாம் மும்பையில் இருக்கிறது, பூட்டித்தான் அனுப்புகிறோம், உங்கள் பாஸ்வேர்டு இல்லாதவனுக்கு அது வெறும் கிறுக்கல் என்று காளீஸ்வரனும் சலிக்காமல் சொல்வான். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்கள்.

பலவேசம் அண்ணாச்சி தலையாட்டுகிற ஆளில்லை. முப்பது வருஷமாக லேபிள் அச்சடிப்பவர். அவருடைய சரவெடி லேபிள் ஒன்றை எவனோ அப்படியே காப்பியடித்து விற்றதிலிருந்து யாரையும் நம்பாதவர். பாஸ்வேர்டு மறந்துபோனால் திறப்பதற்கென்று ஒரு மாற்றுச் சாவி உண்டு. நீளமான எழுத்து வரிசை. தாளில் அச்சாகிக் காளீஸ்வரன் கைக்கு வரும். அண்ணாச்சியின் கண் அதன்மேல் விழுந்தது.

"நாடு கெடக்கட்டும் தம்பி. ஒங் கையில ஒரு சாவி இருக்கே, அதுக்கு என்ன பதிலு?"

இருக்கன்குடிக்கே கூட்டிப்போய்விட்டார். மாரியம்மன் கோயிலுக்கு வெளியே கற்பூரம் ஏற்றி, அந்தத் தாளை அதில் காட்டச் சொன்னார். தாள் கருகி உதிர்ந்தது. வேறு பிரதி கிடையாது என்று காளீஸ்வரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான்.

பிரதி இருந்தது. முன்பு ஒருமுறை சாத்தூர்க்காரர் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவன் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து வாடிக்கைக்காரர் அத்தனை பேரின் மாற்றுச் சாவியையும் ஒரு நோட்டில் எழுதி வந்தான். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் வெளியே சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மாசி மாதம் அண்ணாச்சியின் அச்சகம் தீப்பிடித்தது. மின்கசிவு என்றார்கள். கம்ப்யூட்டரை எடுக்க உள்ளே ஓடிய பலவேசம் திரும்பி வரவில்லை. எல்லாம் மும்பையில் பத்திரமாக இருக்கிறது என்பதை மனுஷர் கடைசிவரை நம்பவில்லை போலிருக்கிறது. மகளிடம்கூடச் சொல்லாத பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று.

காரியம் முடிந்ததும் மகள் பிரீத்திகா வந்தாள். அந்த டிசைன்கள் கிடைக்காவிட்டால் சீசன் ஆர்டர் மொத்தமும் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். அறுபது பேர் வேலையை இழந்து நிற்பார்கள்.

"எங்கன இருந்தா என்னண்ணே, தெறக்க முடியுமா, முடியாதா?"

காளீஸ்வரன் இரண்டு நாள் தவணை கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இரண்டு நாளும் நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மூன்றாம் நாள் நோட்டோடு போய், எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தான். அண்ணாச்சியின் முப்பது வருஷமும் திரையில் வந்து நின்றது. பிரீத்திகா வாய்விட்டு அழுதாள். நன்றி சொன்னாள். பிறகு அவள் பார்வை நோட்டுக்குப் போனது. எல்லோருடையதும் இதில் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான்.

"எரிச்சாச்சுன்னுதான் அப்பா நிம்மதியாத் தூங்குனாகண்ணே."

அவன் நோட்டை மூடினான்.

ஃபைல்கள் எப்படித் திறந்தன என்று ஊர் கேட்டது. பொய் சொல்ல பிரீத்திகாவுக்கு வரவில்லை. சித்திரை முடிவதற்குள் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. நோட்டை உங்கள் கண்ணெதிரே எரித்துவிடுகிறேன், இருக்கன்குடிக்கு வாருங்கள் என்று காளீஸ்வரன் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டான்.

யாரும் வரவில்லை.