என்னை எழுப்பியது யார்?

எனக்குத் தூக்கமின்மை என்றே நம்பியிருந்தேன். இரவில் எத்தனை முறை விழித்தேன் என்று எண்ணி, பக்கத்து வீட்டு நாயைத் திட்டுவேன். ஒரு மத்தியானம் வில்கமுவ பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். திடுக்கிட்டு விழித்தபோது, அருகிலிருந்த மிளகு வியாபாரி வெளிறிப்போய் என்னையே பார்த்தார்.

“ஒங்க கொறட்டையில பஸ் இன்ஜினே தோத்துச்சுங்க ஐயா. ஆனா நடுநடுவுல மூச்சே நின்னுபோச்சு! எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான். டொக்டர்கிட்ட காட்டுங்க.”

மாத்தளையில் பரிசோதித்த டொக்டர் விளக்கினார்: “தூங்கும்போது உங்க தொண்டை அடைபடுது. மூச்சு நின்னதும் மூளை உங்கள எழுப்பிவிடுது.”

நான் சபித்துக்கொண்டே எண்ணிய ஒவ்வொரு விழிப்பிலும் என் உடம்பு என்னைக் காப்பாற்றியிருக்கிறது!

இப்போது காற்று செலுத்தும் முகமூடியோடு விடியும்வரை தூங்குகிறேன். கண் திறந்ததும் முதல் மூச்சை மட்டும் எண்ணுகிறேன்.