குருநகர் அக்காவின் தாடை

போர் நடந்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. கொழும்புப் பாதையும் பூட்டியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் வாய், தாடை அறுவைக்கு நான் ஒருத்திதான். ஒரு திங்கட்கிழமை காலை, குருநகரில் மீன் விற்கும் ஒரு அக்கா கணவரோடு வந்தார். இடப்பக்கக் கீழ்த்தாடை, வாய்க்குள் ஒரு உருண்டைத் தேசிக்காயை அடக்கிவைத்ததுபோல் புடைத்திருந்தது. பல்வலிதான் என்று யாரோ இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். வீக்கம் போகவில்லை.

விரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது, நோவில்லை. கண்ணை மூடச் சொல்லி, கீழுதட்டைப் பஞ்சால் தொட்டேன். "தொடுறியள்" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நரம்பைத் தின்னும் கெட்ட கட்டியென்றால் பெரும்பாலும் உதடு மரத்திருக்கும்.

"சந்தையிலை எல்லாரும் புற்றுநோய் எண்டு சொல்லுகினம். உண்மையைச் சொல்லுங்கோ, டொக்டர்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை, அக்கா. ஆனால் ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சால்தான் உறுதியாச் சொல்லலாம்."

எக்ஸ்ரே படத்தில் கட்டியின் விளிம்பு பென்சிலால் வளைத்ததுபோல் தெளிவாக இருந்தது. வெட்டியெடுத்த துண்டை மருந்துப் போத்தலில் போட்டு, கொழும்புக்குப் புறப்பட்ட ஒரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துப் படகில் நீரேரியைக் கடந்தாராம். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எலும்பில் அரிதாக வரும் கட்டி, புற்றுநோய் அல்ல. அதுவரை அதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே குருநகருக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கணவர் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். என் சேலையெல்லாம் மீன் செதில்.

அடுத்த வாரம், ஜெனரேற்றர் ஓட, காலையிலேயே அறுவையைத் தொடங்கினோம். முகத்தில் தழும்பு விழாதிருக்க வாய்க்குள்ளாலேயே வெட்டினேன். மேலிருந்த மெல்லிய எலும்பைச் சீவியதும், பலாச்சுளையிலிருந்து கொட்டை கழல்வதுபோல் கட்டி முழுதாக வெளியே வந்தது. அடியில் நரம்பு அறுபடாமல் வெள்ளையாகக் கிடந்தது. தாடையும் உடையவில்லை. மயக்கமருந்து கொடுத்த டொக்டர் எட்டிப் பார்த்து, "நல்ல வடிவு!" என்றார்.

மூன்றாம் நாள், வார்டு வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது. உள்ளே போய் அதட்டினேன்.

"கதைக்கக்கூடாது எண்டெல்லோ சொன்னனான்?"

"நான் எங்கை கதைச்சனான், டொக்டர்? பக்கத்துக் கட்டில்காரிக்கு நண்டு பாத்து வாங்கத் தெரியேல்லை. சொல்லிக் குடுக்கிறன்."

வார்டே சிரித்தது. கண்டிப்பாக முகத்தை வைத்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.