இரவல் போனும் வேண்டுதல் மொட்டையும்

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு திங்கட்கிழமை காலை. புத்ராஜெயாவில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். தடுப்புக்குப் பின்னால் எங்கள் மகன். ஊருக்கு அவன் ஒரு கடைக்காரரைக் கொன்று கொள்ளையடித்தவன். எங்களுக்கு, கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன்.

அவனுக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவான். ஒருநாள் அவன் போன் கீழே விழுந்து உடைந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற சந்தில் உள்ள ரிப்பேர் கடையில் கொடுத்தான். சாமான் வர நாளாகும் என்று சொல்லி, கடைக்காரர் ஒரு பழைய போனை இரவலாகக் கொடுத்தனுப்பினார். தெரிந்த பையன்தானே, ரசீது எதற்கு?

அன்று மாலையே அவரைக் கடைக்குள் அடித்துக் கொன்றுவிட்டு, கல்லாவையும் புதுப் போன்களையும் யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். செய்தி தெரிந்ததும் மகன் பதறிப்போனான். “இந்த போன யார்கிட்டப்பா குடுக்குறது?” என்று கேட்டான். எழவு வீட்டில் போய் போனை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? கருமாதி முடியட்டும், நேரில் போய்க் கொடுக்கலாம் என்றேன். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டோம். டெங்கி காய்ச்சலில் அவன் பிழைப்பானா என்றிருந்தபோது நான் வைத்த வேண்டுதல் அது. தோள்வரை வளர்த்த முடியை இழக்க மனமில்லாமல் தள்ளிக்கொண்டே வந்தவனை, நான்தான் பிடித்து இழுத்துப் போனேன்.

போலீஸ் வீட்டுக்கு வந்தபோது செத்தவரின் போன் அவன் கையில். சந்து கேமராவில் நீள முடியோடு நடந்தவன், எதிரே மொட்டைத் தலையோடு நின்றான். அவ்வளவுதான், கதை தயார். கேமராவில் நடப்பது அவன், திருடியது அந்தப் போன், அடையாளத்தை மறைக்க மொட்டை.

விசாரணையில் நானும் சாட்சி சொன்னேன். பெற்றவன் பிள்ளைக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவே முடியாமல் போனது வேறொன்று. அவனுடைய உடைந்த போன், கழற்றிய நிலையில், அந்தக் கடை மேசையிலேயே கிடந்தது. கோர்ட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இவன் கடைக்குப் போனதற்கு இதுவே அத்தாட்சி என்றார்கள். போகவில்லை என்று யார் சொன்னது?

கொலைக்குற்றம் என்று தண்டனை விழுந்து, மேல்முறையீட்டுக்கு வந்த பிறகும் நிம்மதி இல்லை. ஒருமுறை விசாரணைப் பதிவு முழுமையாக இல்லை, ஒருமுறை யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஒத்திவைத்துக்கொண்டே போனார்கள். நெரிசலில் வந்து, பார்க்கிங்குக்கு அலைந்து, அப்படியே திரும்பிப் போவோம். மொட்டை போட்ட படங்களை வேறு பையில் சுமந்துகொண்டு வருவேன். எங்கள் இளம் பெண் வழக்கறிஞர் அதை வெளியே எடுக்கவே விடமாட்டார்.

“அங்கிள், இங்க புதுசா எதையும் காட்ட முடியாது. பழைய விசாரணையில பதிவானதத்தான் பார்ப்பாங்க. கொல பண்ணத நேர்ல பார்த்தவங்க யாரும் இல்ல. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, இவனத் தவிர வேற யாரும் செஞ்சிருக்க முடியாதுன்னு வரணும். வேற நியாயமான விளக்கம் ஒண்ணு இருந்தாலும் தண்டன நிக்காது.”

“அதத்தானம்மா நான் இத்தன வருஷமா கத்திக்கிட்டு இருக்கேன்!”

“கத்துறீங்க அங்கிள். கத்துறது எவிடன்ஸ் ஆகாது லா.”

அன்று மூன்று நீதிபதிகள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேமரா, போன், மொட்டை என்று பழைய கதையை அடுக்கினார். நடுவில் இருந்தவர் நிமிர்ந்து, இவருடைய சொந்தப் போன் எங்கே இருந்தது என்று கேட்டார். கடை மேசையில் என்றார் வழக்கறிஞர். புதுப் போன்களை அள்ளியவர், தன் போனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டா சுற்றுவார்? ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு இரவல் வாங்கியிருக்க முடியாதா என்று நீதிபதி விடாமல் கேட்டார். வழக்கறிஞர் காகிதங்களைப் புரட்டினார். இந்துக்கள் வேண்டுதலுக்கு மொட்டை போடுவது நம் நாட்டில் யாருக்குத் தெரியாது என்று பக்கத்தில் இருந்த மலாய்க்கார நீதிபதி கேட்டார். என் மனைவி என் கையை நகம் பதிய இறுக்கினாள்.

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். சந்தேகம் எவ்வளவு பெரிதானாலும் அது சாட்சியாகாது என்று சொல்லி, தண்டனையை ரத்து செய்தார்கள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. மேசையில் கிடந்த ஒரு போனைப் பற்றி ஒரு கேள்வி. அதைக் கேட்க இவ்வளவு காலமா?

லிஃப்ட் அருகே கடைக்காரரின் மனைவி நின்றிருந்தார். ஒவ்வொரு முறையும் எதிர் வரிசையில் பேசாமல் உட்கார்ந்து போனவர். நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவரே திரும்பினார்.

“உங்க பையன் வீட்டுக்கு வந்துருவான். நல்லது. அப்ப எங்க வீட்டுக்காரர யாருங்கண்ணே கொன்னது?”

கதவு திறந்தது, அவர் தனியாக இறங்கிப் போனார்.

மகன் இப்போது வீட்டில் இருக்கிறான். ஒரு குடையைக்கூட யாரிடமும் இரவல் வாங்குவதில்லை, மழையில் நனைந்தே வருகிறான். “ப்ரூஃப் பத்தலன்னு விட்டுட்டாங்களாமே?” என்று விசாரிக்கும் சொந்தக்காரர்களிடம் கோபப்பட்டுக் கோபப்பட்டு நான் அலுத்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாவிடம் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் கேள்விக்கு யாராவது பதில் சொல்லும்வரை, என் மகனின் வழக்கு எனக்கும் முடிந்ததாகத் தோன்றவில்லை.