ஒன்பது ஏணிகளைத் தாண்டிய சேசிஸ்

தாராவியில் ஒருத்தன் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சந்தே சிரித்தது. கார் கட்டுகிற ஸ்டெர்லினும் சேர்ந்து சிரித்துவைத்தான். செம்பூர் கிரில் பட்டறையில் காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை வெல்டிங் அடித்துவிட்டு வருகிறவனுக்கு, மறுத்துப் பேச எங்கிருந்து தெம்பு வரும்?

வயது நாற்பத்தேழு. இருபத்தாறு வருஷமாக ஜன்னல் கம்பி, ஷட்டர், கேட், ஏணி. அவன் செய்ததெல்லாம் வைத்த இடத்திலேயே நிற்கிற சாமான்கள். ஓடுகிற ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதை மனைவி சுஜாவிடம் மட்டும்தான் சொன்னான். "செய்யுங்க, யாரு வேண்டாம்னா?" என்றாள் அவள்.

பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற கார் கிட் ஒன்றை, புனேயில் ஒருவர் பாதியில் கைவிட்டதை, வாங்கினான். இரண்டு பேர் உட்காரும் தாழ்வான வண்டி. ஃபைபர் பாடியும் பழைய எஞ்சினும் செம்பூரில் நண்பன் வெங்கியின் கேரேஜுக்குப் போயின. எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸை வரைபடத்தைப் பார்த்து அவனே இரும்புக் குழாயில் அடிக்க வேண்டும். அவனுக்கு நேரம் வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்றைக்கு கேரேஜ் பூட்டு. ஆகவே வீட்டிலேயே ஆரம்பித்தான். மகள் வாஷியில் ஹாஸ்டலுக்குப் போனதில் கொஞ்சம் இடம் மிச்சமாகியிருந்தது. பத்துக்குப் பதினைந்து அடி வீட்டில் மிச்சம் என்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆர்.டி.ஓ.வுல இத பாஸ் பண்ண மாட்டாங்கடா" என்றான் வெங்கி.

"மொதல்ல ஓடட்டும்டே" என்றான் ஸ்டெர்லின்.

பதினான்கு மாதம் ஆயிற்று. சேசிஸ் ஒன்பதடி நீளத்தில், மூன்றரை அடி அகலத்தில், தலைக்காப்பு வளைவோடு எழுந்து நின்றது. ஒரு நூல்கூடக் கோணல் கிடையாது. அவன் வீடு சந்து முடிகிற இடத்தில், சந்துக்கு நேர் எதிரே இருந்தது; வாசலும் சந்தும் நான்கடி அகலம் என்று முதல் நாளே டேப் போட்டு அளந்திருந்தான். அளக்காமல் விட்டது ஏணிகளை. தாராவியில் மாடி அறைக்கு வீட்டுக்குள் படி இருக்காது. சந்திலிருந்து இரும்பு ஏணி ஏறும். அந்தச் சந்தின் பத்து ஏணிகளையும் அவனேதான் அடித்துக் கொடுத்தான். தினம் இடித்துக்கொண்டு நடக்கிற ஏணி, அளக்கும்போது மட்டும் கண்ணில் படவில்லை. ஒவ்வொன்றும் ஒன்றரை அடியை விழுங்கியிருந்தது. சேசிஸைச் சாய்த்துப் பிடித்தால் வளைவு இடித்தது. தலைக்கு மேல் தூக்கலாம் என்றால் கரண்ட் வயர்கள் தொங்கின.

மெல்ல யோசித்திருப்பான். ஆனால் வீடுகளை இடித்துக் கட்டப்போகிறார்கள், திங்கட்கிழமை சர்வேக்காரர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. அவர்கள் வீடு என்று எழுதினால்தான் பதிலுக்குப் புது வீடு.

"இத உள்ள பாத்தான்னா வீடுன்னா எழுதுவான்? கோடவுன்னு எழுதிட்டுப் போயிருவான்" என்றாள் சுஜா. அவள் சொன்னதில் தப்பில்லை.

ஞாயிறு மதியம் வெங்கி டெம்போவை மெயின் ரோட்டில் நிறுத்தினான். நான்கு பேர் தூக்கினார்கள். கொக்கியில் மாட்டிய ஏணிகள் என்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றி, சேசிஸ் தாண்டியதும் திரும்ப மாட்டினார்கள். ஒன்பது ஏணிகள் இப்படியே கடந்தன. பத்தாவது சொர்ணம்மாளுடையது. ஆட்டமே இருக்கக் கூடாது என்று அவள் கேட்டதால், இரும்பு உத்தரத்தோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டிருந்தான். அதற்கப்பால் பத்தடியில் ரோடு.

சொர்ணம்மாள் ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற ஒற்றை மனுஷி. கீழே வேறொருத்தருடைய கடை. மேலே அவளுடைய ஒரே அறை.

"அக்கா, கால் மணி நேரம். அறுத்துட்டு நானே திரும்ப ஒட்டித் தாரேன்."

"அந்தக் கால் மணி நேரத்துல சர்வேக்காரன் வந்து நின்னா? ஏணி இல்லாத மாடிய தனி வீடுன்னு எவன் எழுதுவான்? கடையோட சேத்துல்லா எழுதிருவான்."

"நாளைக்குத்தான வாரான்."

"நாளைக்குன்னு ஒனக்கு எழுதிக் கொடுத்தானா தம்பி? எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு." அவள் கைகள் கம்பியை விடவில்லை.

ஸ்டெர்லின் வீட்டுக்குப் போய் இரும்பு அறுக்கிற கிரைண்டரைக் கொண்டுவந்தான். சொர்ணம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, அவன் தரையில் முட்டிபோட்டு சேசிஸை நீளவாக்கில் நடுவே அறுத்துக்கொண்டிருந்தான். தூக்க வந்தவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"திரும்ப ஒட்டிரலாம்லா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒட்டலாம்க்கா" என்றான். ஒட்டலாம்தான். ஆனால் அந்த நேர் இனி வராது. சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும். இன்னொரு பதினான்கு மாதத்துக்கு உடம்பில் வலுவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டு துண்டுகளும் டெம்போவில் ஏறின.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தான். சர்வேக்காரர்கள் வரவில்லை. அடுத்த வாரமாம்.

மதியம் உள்ளே திரும்பிப் பார்த்தான். சேசிஸ் கிடந்த இடத்தில் சுஜா பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டையும் நீட்டியிருந்தாள். இத்தனை நாளும் அவள் இரும்புக்கும் சுவருக்கும் நடுவே முழங்காலை மடக்கித்தான் படுத்திருக்கிறாள். ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் அரைக்கண் விழித்தாள். "வந்தானுவளா?"

"இல்ல. அடுத்த வாரமாம்."

"அப்போ அறுத்தது வீணாப் போச்சே" என்றாள் வருத்தத்தோடு.

"வீணில்ல" என்றான். "நீ தூங்கு."