முதுகுப் பக்கம் பட்டன்

தாம்பரம் மார்க்கெட்டில் கடைக்காரர் ஒரு மழைக்கோட்டை உதறி விரித்தார். அந்தப் புது ரப்பர் வாசனை என்னை இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அம்மா திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். சைக்கிளில்தான் போவார். எதிர்மழையில் கோட்டின் பட்டன் இடுக்குகளில் தண்ணீர் புகுந்து புடவையை நனைத்துவிடும். நாள் முழுக்க ஈரத்தோடு நின்று ஒரு மழைக்காலத்தில் இழுப்பே வந்துவிட்டது. மறுபடியும் வந்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார் அப்பா.

அடுத்த மழைக்கு அம்மா கோட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகுப் பக்கம் அப்பா பட்டன் போட்டுவிடுவார்.

"இன்னா சார், டெய்லி இதான் டூட்டியா?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார். நான் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

"ஆமாண்ணா, வேடிக்கை பாக்கறது உங்க டூட்டி, இது அவர் டூட்டி" என்று சொல்லிவிட்டு அம்மா பெடலை மிதிப்பார்.

அந்த மழைக்காலம் முழுக்க அம்மாவுக்கு இழுப்பு வரவில்லை. வேலையை விடும் பேச்சும் நின்றுபோனது. சாயங்காலமும் புடவை நனையாமலே வந்து இறங்குவதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அங்க யாரும்மா பட்டன் போட்டு விடறாங்க?"

"முதல்ல கேலி பண்ணவங்கதான். இப்ப சைக்கிள்ல வர்ற எல்லாருமே திருப்பித்தான் போடறோம். ஒருத்தி முதுகுக்கு இன்னொருத்தி."

"அப்ப கடைசியா நிக்கறவங்களுக்கு?"

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "கடைசின்னு யாரும் இல்லடி. வட்டமா நின்னுக்குவோம்."